பாலக்கரைக் கச்சேரியில் கேட்ட குரல்

திருச்சி டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் டிரங்க் ஆபரேட்டராக இருந்த காலத்தில் என் காதுகளை நான் முழுசாக நம்பினேன். கரூரிலிருந்தோ காரைக்குடியிலிருந்தோ யாரோ கிணற்றுக்குள்ளிருந்து பேசுவதுபோலப் பேசுவார்கள். ஒரே இரைச்சலாக இருக்கும். நடுவில் வேறு யாரோ இரண்டு பேர் மிளகாய் விலை பேசிக்கொண்டிருப்பார்கள். அதற்கும் அடியில் ஒரு ரீங்காரம் ஓடும். அத்தனைக்கும் நடுவில் 'ஹலோ, கேக்குதா?' என்ற கேள்வியைப் பிடித்துக்கொண்டு, 'கேக்குது, பேசுங்க' என்று சொல்லி இணைத்துவிட வேண்டும். ஒரு ஷிப்டில் அதை எத்தனை தடவை சொல்வேன் என்று எண்ணியதில்லை. யோசித்தும் சொன்னதில்லை. வாய் தானாகச் சொல்லிவிடும்.

எனக்குப் பக்கத்து போர்டில் உட்கார்ந்தவள் பாலக்கரைக்காரி. என் வயதுதான், இருபத்து மூன்று. கத்தோலிக்கக் குடும்பம். அவளுடைய அப்பா ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராக இருந்தவர். ஞாயிற்றுக்கிழமைகளில் கோயில் பாடகர் குழுவை நடத்தினவரும் அவர்தான். நான் வேலைக்குச் சேர்வதற்குச் சில மாதம் முன்பு, ஒரு நாள் பாட்டுப் பழக்கிக்கொண்டிருக்கும்போதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. நான் அவரைப் பார்த்ததே இல்லை. அவர்கள் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருந்த போட்டோவில்தான் தெரியும். மெலிந்த முகம், கழுத்துவரை பட்டன் போட்ட சட்டை, பேசப்போகிறவர்போல லேசாகத் திறந்த வாய். அவருக்குப் பிறகு கோயிலில் ஆர்கன் வாசிக்கும் வேலை மகளுக்கு வந்தது. பாடகர் குழு அலமாரியின் சாவியும் அவளிடம்தான் இருந்தது.

எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு மாசி மாதம், டீ இடைவேளையில் அவள் என்னிடம் ஒரு கச்சேரிக்கு வருகிறாயா என்று கேட்டாள். பெங்களூரிலிருந்து நாலு பேர் வந்திருக்கிறார்களாம். ஏதோ ஒரு கல்லூரி விழாவுக்கு வந்தவர்களைக் கோயில் இளைஞர்கள் பிடித்து, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்குப் பாலக்கரையில் கோயில் ஹாலில் வாசிக்க வைக்கிறார்களாம். டிஸ்கோ பாட்டா என்று கேட்டேன்.

"இல்லடி. அவங்களே போட்ட பாட்டாம். கேட்டவங்க ஒரு மாதிரி இருக்குன்னு சொல்றாங்க. நல்லா இருக்குன்னும் சொல்லல, நல்லா இல்லைன்னும் சொல்லல" என்றாள்.

ஸ்ரீரங்கத்தில் என் வீட்டில் கச்சேரி என்று மட்டும்தான் சொன்னேன். அது பொய்யில்லை. அம்மா யார் பாட்டு என்று கேட்டாள். பெங்களூர்க்காரா பாடறா என்றேன். அப்பா பேப்பரை இறக்காமல் மிருதங்கம் யார் என்று விசாரித்தார். தெரியவில்லை என்றேன். இருட்டுவதற்குள் வந்துவிட வேண்டும் என்று மட்டும் சொன்னார். தெற்கு வாசலில் ஒன்றாம் நம்பர் பஸ் பிடித்து, காவேரிப் பாலம் தாண்டும்போது வெயிலில் கண் கூசியது. ஆற்றில் தண்ணீர் ஒரு ஓரமாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. மற்றதெல்லாம் மணல்.

ஹாலுக்குள் நுழைந்ததும் வெயில் அறுந்துபோனது. ஜன்னல்களையெல்லாம் கறுப்புத் துணி போட்டு மூடியிருந்தார்கள். மேடையில் இரண்டே இரண்டு சிவப்பு பல்புகள். ஃபேன் சத்தம் மைக்கில் ஏறுகிறது என்று ஃபேன்களையும் நிறுத்திவிட்டார்கள். மெழுகு வாசனையும் வௌவால் வாடையும் வியர்வையும் சேர்ந்து மூச்சை அடைத்தன. கல்லூரிப் பையன்கள், சில ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள், கோயில் இளைஞர்கள், பின்னால் சும்மா எட்டிப் பார்க்க வந்தவர்கள் என்று ஹால் முக்கால்வாசி நிறைந்திருந்தது. சிநேகிதி என்னை இரண்டாவது வரிசைக்கு இழுத்துப்போனாள். மேடைக்குக் கீழே இடது மூலையில் ஒரு பழைய பியானோ, வெள்ளைத் துணி போர்த்தி நின்றது. அவள் அப்பா குழுவுக்குப் பாட்டுப் பழக்கினது அதில்தான் என்று சொன்னாள். அவர் போன பிறகு யாரும் அதைத் திறக்கவில்லை.

நாலு பேரும் வணக்கம்கூடச் சொல்லாமல் ஆரம்பித்தார்கள். டிரம்ஸ் அடிப்பவர் நமக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். இரண்டு பேர் கையில் கிடார். பாடுகிற பெண் தலைமுடியை ஒட்ட வெட்டியிருந்தாள். வெள்ளைக் குர்தா போட்டிருந்தாள். ஒரு கிடாருக்கும் அவளுடைய மைக்குக்கும் நடுவே, ஸ்டூல்மேல் ஒரு தகரப் பெட்டி இருந்தது. மூடியைக் கழற்றி வைத்திருந்தார்கள். உள்ளே பழுப்பு நிற டேப் ஒன்று வட்டமாக, நிற்காமல் சுற்றிக்கொண்டிருந்தது. கிடாரில் ஒரு தட்டு தட்டினால் அந்தச் சத்தம் பெட்டிக்குள் போய், திரும்பி வந்து, மறுபடியும் திரும்பி வந்தது. ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் மங்கி, கொஞ்சம் தூரம் போய்.

பாட்டு என்று நான் அறிந்த எதுவும் அதில் இல்லை. தாளம் மிக மெதுவாக நடந்தது. அந்தப் பெண் வார்த்தை இல்லாமல் பாடினாள். ஆவும் ஊவும் கலந்த நீளமான ஒரு ஒலி. அழுகை என்றும் சொல்ல முடியாது. யாரையோ தூரத்திலிருந்து கூப்பிடுவதுபோல இருந்தது. தாழ்ந்த சுரங்கள் வரும்போது ஜன்னல் கண்ணாடிகள் கறுப்புத் துணிக்குப் பின்னால் நடுங்கின. என் விலா எலும்புகளில் யாரோ விரல் வைத்துத் தடவுவதுபோல இருந்தது. எழுந்து போய்விடலாமா என்று நினைத்தேன். ஆனால் எழவில்லை.

கல்லூரிப் பையன்களில் பாதிப் பேர் கால் மணி நேரத்திலேயே வெளியேறிவிட்டார்கள். ஆட முடியாத பாட்டு அவர்களுக்கு எதற்கு? ஒவ்வொரு முறை கதவு திறக்கும்போதும் ஒரு பட்டை வெயில் உள்ளே விழுந்து மறைந்தது.

அப்போதுதான் மூலையிலிருந்து அந்தச் சத்தம் எனக்குக் கேட்டது. கிடார்காரர் கையை எடுத்த பிறகும் ஒரு சுரம் மிச்சமிருந்தது. அது மேடையிலிருந்து வரவில்லை. இடது பக்கத்திலிருந்து வந்தது. மூடிக் கிடந்த பியானோ தானாகவே முனகிக்கொண்டிருந்தது. சிநேகிதியைப் பார்த்தேன். அவளும் அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தாள். கிடார் சத்தத்துக்கு உள்ளே இருக்கிற கம்பிகள் அதிரும், பயப்படாதே என்று என் காதில் சொன்னாள். சொன்னவள் தன் பர்ஸை மடியில் இறுக்கிப் பிடித்திருந்தாள்.

நாலாவது பாட்டின் நடுவில் பெட்டிக்குள் ஏதோ படபடவென்று அடித்தது. டேப் அறுந்துவிட்டது. எதிரொலி எல்லாம் ஒரே நொடியில் செத்துப்போய், கிடார் மட்டும் மொட்டையாக நின்றது. ஹால் திடீரென்று சிறியதாகிவிட்டதுபோல இருந்தது. அறுந்ததை ஒட்டிப் பார்த்தார்கள். தேய்ந்துபோன டேப், மறுபடியும் அறுந்தது. கிடார்காரர் மேடை விளிம்புக்கு வந்து, யாரிடமாவது ஸ்பூல் டேப் இருக்குமா, இரண்டு முழம் இருந்தால் போதும் என்று இங்கிலீஷில் கேட்டார். கோயில் இளைஞர்கள் என் சிநேகிதியைத் திரும்பிப் பார்த்தார்கள். அலமாரிச் சாவி அவளிடம்தானே இருக்கிறது.

நானும் அவளோடு பக்கத்து அறைக்குப் போனேன். அலமாரியில் கோயிலின் ஸ்பூல் ரெக்கார்டர் துணி சுற்றி வைத்திருந்தது. பக்கத்தில் அட்டைப் பெட்டிகளில் ஏழெட்டு ஸ்பூல்கள். கிறிஸ்துமஸ் பாட்டு, தவக்காலப் பாட்டு என்று ஒவ்வொன்றின்மேலும் அவள் அப்பாவின் கையெழுத்து. ஒன்றில் மட்டும் எதுவும் எழுதவில்லை. இது காலி டேப்தான் என்று அவள் அதை எடுத்துக் கொடுத்தாள். கிடார்காரர் முன்பக்கத்திலிருந்து அளந்து, பிளேடால் நறுக்கி, இரண்டு முனையையும் ஒட்டி வட்டமாக்கிப் பெட்டிக்குள் மாட்டினார். மிச்ச ஸ்பூலை நன்றி சொல்லித் திருப்பிக் கொடுத்தார்.

மறுபடியும் ஆரம்பித்தார்கள். முதலில் எனக்கு வித்தியாசம் எதுவும் தெரியவில்லை. பிறகு, பாடுகிற பெண் மூச்சு விட நிறுத்திய இடத்தில், ஒரு ஆண்பிள்ளை தொண்டையைச் செருமிக்கொண்டான். மேடையில் இருந்த மூன்று ஆண்களையும் பார்த்தேன். கிடார்காரர்கள் வாய் அசையவில்லை. முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்த டிரம்ஸ்காரருக்கு மைக்கே இல்லை. கொஞ்ச நேரம் கழித்து, அதே செருமல். அதற்குப் பின்னால் ஒரு குரல். ரொம்ப மெதுவான, தடித்த, தூக்கத்தில் பேசுகிற மாதிரியான குரல். ஒண்... ணு... ரெண்... டு... பிறகு கிடார் அதன்மேல் ஏறி மூடிவிட்டது.

பாடுகிறவளுக்கும் கேட்டிருக்க வேண்டும். பாட்டை நிறுத்தி, மைக்கைத் தாழ்த்திப் பிடித்துக்கொண்டு, மேடை விளிம்பில் வந்து எங்களைப் பார்த்தாள். கூட்டத்தில் யாரோ விளையாடுகிறார்கள் என்று நினைத்திருப்பாள். கிடார்காரரும் கையை எடுத்தார். டிரம்ஸ் நின்றது. பெட்டிக்குள் டேப் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. அதுவரை வாசித்ததெல்லாம் அடுக்கடுக்காக, ஒன்றின் மேல் ஒன்று ஏறிய புகைபோல, ஹாலில் மிதந்துகொண்டிருந்தது. அதற்கு அடியிலிருந்து அந்தக் குரல் மறுபடியும் மேலே வந்தது.

ஒண்ணு. ரெண்டு. மூணு. கேக்குதா? அங்க கேக்குதா?

"கேக்குது, பேசுங்க" என்றேன் நான்.

ஹெட்செட்டில் சொல்வதுபோலவே, உரக்க, தெளிவாகச் சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் எங்கே இருக்கிறேன் என்பது உறைத்தது. முன்வரிசையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். யாரும் சிரிக்கவில்லை. 

சிநேகிதி என் மணிக்கட்டைப் பிடித்தாள். 

"அது எங்க அப்பா" என்றாள்.

அவள் எழுந்து மேடைக்கு நடந்தாள். கிடார்காரர் அடுத்த சுரத்துக்குக் கையைத் தூக்கியிருந்தார். வேண்டாம், வாசிக்காதீர்கள், மெஷினை நிறுத்துங்கள் என்று அவள் இங்கிலீஷில் சொன்னாள். குரல் உடையாமல்தான் சொன்னாள். அவர் உடனே நிறுத்தினார். விஷயம் புரிந்ததும் அவர் முகம் வெளுத்துப்போனது. நடந்ததை அவர் விளக்கியது எனக்குப் பாதிதான் புரிந்தது. சாதாரணமாக அந்தப் பெட்டி, பழையதை அழித்துவிட்டுத்தான் புதியதைப் பதியுமாம். இவர்களுடைய பெட்டியில் அழிக்கிற பகுதி கெட்டுப்போய் ரொம்ப நாளாகிறதாம். அப்படியே இருக்கட்டும், சத்தம் மேலே மேலே ஏறுவது நன்றாயிருக்கிறது என்று விட்டுவிட்டார்களாம். அதனால் டேப்பில் முன்பு இருந்தது போகாமல் அடியில் கிடந்திருக்கிறது. வேகம் வேறு என்பதால் குரல் தடித்துவிட்டது. ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் மறைந்துகொண்டே வந்திருக்கும். இன்னும் பத்து நிமிஷம் வாசித்திருந்தால் ஒன்றும் மிஞ்சியிருக்காது.

பாடுகிற பெண்தான் டேப்பைப் பெட்டியிலிருந்து கழற்றினாள். அதைச் சுருட்டாமல், இரண்டு கையிலும் ஏந்தி, சிநேகிதியின் உள்ளங்கையில் வைத்தாள். சிநேகிதி கர்ச்சீப்பில் பொதிந்துகொண்டாள். அதற்குப் பிறகு அவர்கள் பெட்டி இல்லாமலே இரண்டு பாட்டு வாசித்தார்கள். இருந்தவர்கள் எல்லோரும் கடைசிவரை உட்கார்ந்து கேட்டார்கள். எனக்கு ஒன்றும் காதில் ஏறவில்லை. நான் பியானோவையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

வெளியே வந்தபோது இன்னும் வெளிச்சம் இருந்தது. தெருவில் சைக்கிள் மணியும், காந்தி மார்க்கெட்டுப் பக்கம் போகிற வண்டிச் சத்தமும் வழக்கம்போல இருந்தன. வீட்டில் அம்மா கச்சேரி எப்படி இருந்தது என்று கேட்டாள். நன்னா இருந்தது என்றேன். மறுநாள் காலை ஆறு மணி ஷிப்ட். முதல் டிரங்க் காலே புதுக்கோட்டையிலிருந்து. ஒரு ஆண் குரல் 'ஹலோ, கேக்குதா?' என்றது. என் வாய் திறக்கவில்லை. அவர் மூன்று தடவை கேட்டார். பக்கத்து போர்டிலிருந்து சிநேகிதிதான் கையை நீட்டி அந்த லைனை வாங்கிக்கொண்டாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, கோயிலில் அனுமதி வாங்கி, ஸ்பூல் ரெக்கார்டரை ரிக்‌ஷாவில் வைத்து அவர்கள் வீட்டுக்குக் கொண்டுபோனோம். வீட்டில் அவளும் அவள் அம்மாவும் மட்டும்தான். அம்மாவிடம் அவள் எல்லாவற்றையும் சொல்லியிருந்தாள். முதலில் மிச்ச ஸ்பூலைப் போட்டோம். வேறு ஏதாவது பேசியிருப்பாரோ என்று ஒரு நப்பாசை. வெறும் இரைச்சல். கூடத்தில் மூன்று பேரும் உட்கார்ந்து, டேப் முழுசாக ஓடி முடிகிறவரை அந்த இரைச்சலைக் கேட்டோம். அவள் அம்மா மெஷினிலிருந்து கண்ணைக்கூட எடுக்கவில்லை. அவள் அப்பா மெஷின் ஓடுகிறதா என்று பார்க்க நாலு வார்த்தை பேசியிருக்கிறார். பிறகு நிறுத்தி எடுத்து வைத்துவிட்டார். அந்த நாலு வார்த்தை இருந்த இடத்தைத்தான் பிளேடு நறுக்கியிருக்கிறது.

பிறகு வட்ட டேப். அது ரெக்கார்டரின் இரண்டு சக்கரத்திலும் நிற்காது. சிநேகிதி அதை மெஷினின் தலைப்பகுதியில் செருகி, மறுமுனையை ஒரு பென்சிலில் மாட்டி, விறைப்பாக இழுத்துப் பிடித்துக்கொண்டாள். நான் பட்டனை அழுத்தினேன். பென்சிலைச் சுற்றி டேப் ஓட ஆரம்பித்தது.

இங்கே வேகம் சரியாக இருந்தது. தடித்த குரல் போய், ஒரு சாதாரண மனுஷனின், கொஞ்சம் கீச்சுக் கலந்த, வகுப்பில் பேசிப் பேசித் தேய்ந்த குரல் வந்தது. ஒண்ணு, ரெண்டு, மூணு. கேக்குதா? அங்க கேக்குதா? அதைச் சுற்றிலும் கிடார்கள் கொசுக்கூட்டம்போல ரீங்கரித்தன. அவள் அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். டேப் சுற்றி வந்தது. மறுபடியும் கேட்டது. மூன்றாவது தடவை அவர் முந்தானையை எடுத்தார்.

"பாப்பா ஒண்ணு பதில் சொல்லுதே, யாரு அது?" என்று கேட்டார்.

எங்களுக்கு ஒன்றும் புரியவில்லை. காதை மெஷினுக்குப் பக்கத்தில் வைத்தேன். அவள் அப்பா 'அங்க கேக்குதா' என்று முடித்த கையோடு, அவசரமாக, மெல்லிசாக, ஆறேழு வயசுப் பெண்குழந்தையின் குரல் ஒன்று 'கேக்குது, பேசுங்க' என்றது.  அது என் குரல். பாடுகிறவள் தாழ்த்திப் பிடித்த மைக்கில் விழுந்து, நின்றுவிடாமல் சுற்றிக்கொண்டிருந்த அதே டேப்பில் ஏறியிருக்கிறது. அங்கே மெதுவாகப் பதிந்தது இங்கே வேகமாக ஓடியதால் குழந்தைக் குரலாகிவிட்டது. நான் ஒரு நாளும் சந்திக்காத மனுஷரும் நானும் ஒரு கூடத்தில் நின்று பேசிக்கொண்டதுபோல இருந்தது. எனக்கு மெஷினை நிறுத்த வேண்டும்போல இருந்தது. கையை நீட்டினேன். அவள் அம்மா என் கையைத் தடுத்தார்.

நடந்ததை நான் சொன்னேன். அவர் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார். பிறகு சொன்னார்.

"இந்த மெஷின் கோயிலுக்கு வந்த அன்னைக்கு நான் அவருக்குச் சாப்பாடு எடுத்துட்டுப் போயிருந்தேன். கடைசி பெஞ்சுகிட்ட நின்னேன். அங்க கேக்குதான்னு என்னைப் பார்த்துத்தான் கேட்டாரு. சுத்தி ஆம்பளைங்க நின்னாங்க. வெட்கமா இருந்துச்சு. தலையை மட்டும் ஆட்டினேன், வாயைத் திறக்கல. நான் சொல்லாததை நீ சொல்லியிருக்க."

அப்புறம் போதும் என்றார். ஓட ஓடத் தேய்ந்துவிடும், எடுத்து வை என்றார். சிநேகிதி அதைத் தாளில் சுற்றி ஒரு பிஸ்கட் டப்பாவில் வைத்தாள். அதற்குப் பிறகு அதை அவர்கள் போட்டதாக எனக்குத் தெரியாது.

ஆனால் அவள் அம்மாவிடம் எனக்கு ஒரு இடம் வந்துவிட்டது. நான் போகும்போதெல்லாம், மகள் சமையல்கட்டுக்குப் போகிற சமயம் பார்த்து, தணிந்த குரலில் கேட்பார்: "வேற ஏதாச்சும் சொன்னாரா?" முதல் தடவை, டேப்பைப் பற்றிக் கேட்கிறார் என்று நினைத்து, அவ்வளவுதான்மா இருந்தது என்றேன். இரண்டாவது தடவைதான் அவர் டேப்பைப் பற்றிக் கேட்கவில்லை என்பது புரிந்தது. அந்த அம்மா கணக்கில் நான் அவர் கணவரோடு பேசினவள். லைன் இன்னும் இருக்கிறது. இல்லைம்மா என்று சொல்வேன். சரி என்று தலையாட்டி, வாழைக்காய் பஜ்ஜியோ சுண்டலோ என் பக்கம் நகர்த்துவார். அவருக்குப் புத்தி பேதலிக்கவில்லை. பால் கணக்கு, கோயில் வேலை, மகளுக்கு மாப்பிள்ளை பார்ப்பது எல்லாம் நறுக்கென்று செய்தார். இது ஒன்றுதான்.

அந்த வருஷம் ஐப்பசியில் அவருக்குக் காய்ச்சல் வந்து, விட்டுவிட்டு மூன்று வாரம் இழுத்தது. காய்ச்சல் போன பிறகும் சாப்பாடு இறங்கவில்லை. தட்டைத் தள்ளிவிடுகிறார் என்று சிநேகிதி வேலையில் சொல்லிச் சொல்லிக் கண் கலங்குவாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பார்க்கப் போனேன். அவள் மருந்துக் கடைக்குக் கிளம்பிப்போனாள். கட்டில் பக்கத்தில் ரசம் சாதம் ஆறிக் கிடந்தது. மழை பெய்து ஓய்ந்த சமயம். கூடத்தில் அரை இருட்டு. போட்டோவுக்குமுன் சிவப்பு பல்பு மட்டும் எரிந்துகொண்டிருந்தது.

"வேற ஏதாச்சும் சொன்னாரா?" என்றார்.

"சாப்பிட்டியான்னு கேட்டாரு" என்றேன்.

ஏன் சொன்னேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. தட்டைப் பார்த்ததும் வாயில் வந்துவிட்டது. அவர் முகம் மாறியதை மட்டும் சொல்ல முடியும். கட்டிலில் கையூன்றி எழுந்து உட்கார்ந்தார்.  தட்டை மடியில் வைத்துக்கொண்டு, ஆறின சாதத்தைப் பிசைந்து, ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டார். எனக்குப் பயமாக இருந்தது. கை கழுவிக்கொண்டு வந்து சொன்னார்: "சாப்பிட்டேன்னு சொல்லிடு."

மறுநாள் ஷிப்டில் போர்டில் டிரங்க் கால்கள் குறைந்து ஓய்ந்திருந்த நேரம், யாருக்கும் போகாத ஒரு காலி லைனில் பிளக்கைச் செருகினேன். பக்கத்தில் யாரும் பார்க்கவில்லை. வழக்கமான ரீங்காரம் கேட்டது. வாய்க்குழலைக் கையால் மறைத்துக்கொண்டு, 'சாப்பிட்டாங்களாம்' என்று சொன்னேன். ரீங்காரம் ஒரு கணம் தாழ்ந்தது. எதிர்முனையில் யாராவது ரிசீவரை எடுத்தால் இப்படித்தான் தாழும். அந்த லைனுக்கு எதிர்முனை கிடையாது. நான் பிளக்கைப் பிடுங்கிவிட்டேன். லைனில் இப்படியெல்லாம் ஆவது உண்டு. ஆயிரம் காரணம் சொல்லலாம். நான் யாரிடமும் கேட்கவில்லை.

இரண்டு நாளில் சிநேகிதிக்கு விஷயம் தெரிந்துவிட்டது. அம்மாவே சந்தோஷமாகச் சொல்லியிருக்கிறார். ஷிப்ட் முடிந்து வெளியே வரும்போது மாடிப்படியில் என்னை நிறுத்தினாள். கத்தவில்லை.

"எங்க அப்பா எங்க அம்மாவை சாப்பிட்டியான்னு ஒரு நாள்கூடக் கேட்டது கிடையாது. அவங்களுக்கு இருந்த ஒரே குறை அதுதான். உனக்கு யாருடி சொன்னா?"

யாரும் சொல்லவில்லை என்றேன். அது நிஜம். அவள் நம்பினாளா என்று தெரியவில்லை. செத்துப்போனவரை வைத்து நீ எப்படிப் பேசலாம் என்று கேட்டாள்.  மன்னித்துக்கொள் என்றேன். அவள் படியிறங்கிப் போய்விட்டாள். அதற்குப் பிறகு பக்கத்து பக்கத்து போர்டில் உட்கார்ந்துகொண்டு, டிரங்க் கால்களை மட்டும் மாற்றிக்கொண்டு, ஒரு மாதத்துக்கு மேல் பேசாமல் இருந்தோம். அவள் அம்மா தேறிவிட்டார் என்பதை வேறொரு ஆபரேட்டர் மூலம்தான் அறிந்தேன். நன்றாகச் சாப்பிடுகிறாராம். மார்க்கெட்டுக்குத் தானே போகிறாராம். என்னை ஏன் காணோம் என்று கேட்டாராம்.

மார்கழியில் ஒரு சாயங்காலம் இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் ஷிப்ட் முடிந்தது. பஸ்ஸில் கூட்டம். எனக்கு ஜன்னலோரம் இடம் கிடைத்தது. பக்கத்து சீட் காலியானதும் வந்து உட்கார்ந்தது அவள்தான். எப்போதும் எதிர்ப்பக்க பஸ்ஸில் போகிறவள் இதில் ஏன் ஏறினாள் என்று நான் கேட்கவில்லை. மெயின் கார்டு கேட் தாண்டியது. சத்திரம் தாண்டியது. அவள் டிக்கெட்டைச் சுருட்டிச் சுருட்டி ஊசி மாதிரி ஆக்கிக்கொண்டிருந்தாள்.

அம்மாவுக்கு உன்னைப் பார்க்க வேண்டுமாம், கிறிஸ்துமஸுக்கு வந்துவிடு என்றாள். வருகிறேன் என்றேன். பஸ் பாலத்தில் ஏறியது. இந்தத் தடவை ஆற்றில் கரை தொட்டுத் தண்ணீர் போனது.

அவள் என்னைப் பார்க்காமல், முன் சீட்டுக் கம்பியைப் பார்த்துக்கொண்டு, ரொம்ப மெதுவாகக் கேட்டாள்.

"எனக்கு ஏதாவது சொன்னாரா?"

சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தை போதும். அவளுக்கு என்ன வார்த்தை வேண்டும் என்றுகூட எனக்கு அந்த நிமிஷம் தெரிந்ததுபோல இருந்தது. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"இல்லடி" என்றேன்.

அவள் தலையாட்டினாள். பஸ் தெற்கு வாசலில் நின்றதும் என்னோடு இறங்கி, அப்போது கட்டிக்கொண்டிருந்த ராஜகோபுரம் வரை கூட நடந்து வந்தாள். அங்கே பூக்காரியிடம் ஒரு முழம் கதம்பம் வாங்கி, பாதியைக் கிள்ளி என் தலையில் வைத்துவிட்டு, திரும்பிப் போகிற பஸ்ஸைப் பிடிக்க ஓடினாள்.